சிவப்பு தலை, பச்சை வால்

ஒருவரைப் பார்த்த மூன்றாவது நிமிடத்தில் பட்டப்பெயர் வைக்காவிட்டால் கோர்டோபாக்காரர்களுக்குச் சாப்பிட்டது செரிக்காது. சுலேமா பிராகமோந்தேவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சைரன் டீச்சர்’. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்ததால் டீச்சர். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்து நிலவறையில் மின்சாரப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆலைச் சங்கு மாதிரி என்னவோ ஊதிக்கொண்டிருந்தாள் என்று யாருக்கோ ஞாபகம் இருந்தது, அதனால் சைரன். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர் ஒருவரும் இல்லை. பெயர் மட்டும் நாற்பத்தைந்து வருஷமாகக் குறைவில்லாமல் ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

எண்பதாவது வயதில் அந்தச் சத்தம் இசைத்தட்டாக வந்தது.

மாகாண ஆவணக் காப்பகத்தில் ஹிமேனா ஓலிவா என்று ஓர் அதிகாரி. நாற்பது வயது, பேச்சில் சிக்கனம், வேலையில் கறார். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தை இடிக்கும்போது, பரீட்சைத் தாள்களுக்கு அடியில் கிடந்த ஒரு டேப் பெட்டியை அவள் கண்டெடுத்தாள். மேலே பென்சிலில் ‘கன்யாடா 3. சு. பிராகமோந்தே. 1967’ என்று எழுதியிருந்தது. ஆட்சியைப் பிடித்த ராணுவ ஜெனரல்கள் நிலவறை ஸ்டுடியோவைப் பூட்டியபோது மற்ற டேப்பெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். ஹிமேனா எட்டு மாதம் அதைத் துடைத்து, உலர்த்தி, ஓட்டிப் பதிவெடுத்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினாள். ஐநூறு தட்டுகள் அச்சாயின. ஒன்றைக் கையோடு கொண்டுவந்து சுலேமாவிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயில்வே பட்டறைக் கூடத்தில் எட்டு ஸ்பீக்கர் வைத்து ஊருக்கே போட்டுக்காட்டப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

சுலேமாவிடம் தட்டு ஓட்டும் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுக் காச்சோவிடம் இருந்தது. காச்சோ ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். குவார்தெத்தோ ஆட்டப் பாட்டைத் தவிர வேறெதையும் அந்தப் பெட்டியில் வைத்ததில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் ஊசியை ஊதித் துடைத்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தான். மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டிவிட்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தான்.

முதலில் எதையோ உறிஞ்சுவது போல ஒரு சின்னச் சத்தம் வந்து, சட்டென்று அறுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஆண்குரல், என்ன பாஷை என்றே புரியாமல் எதையோ முனகியது.

“யாரு டீச்சர் அது? பாதிரியாரா?”

“சும்மா இரு காச்சோ.”

சுலேமாவின் கையில் மாத்தே அப்படியே நின்றது. சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மணியை அடித்தால் முதலில் அடி விழும், பிறகு நாதம் நீளும், பிறகு அடங்கும். இங்கே அடக்கத்திலிருந்து நாதம் வீங்கி வந்து, கடைசியில் அடி விழுந்து முடிந்தது. ஒரு சத்தம் அப்படியென்றால் மிஷின் கோளாறு எனலாம். எல்லாமே அப்படித்தான் இருந்தன. முதல் நிமிடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டேப்பை வாலிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது நிமிடமும் பின்னாலிருந்து முன்னால் போகிறது.

கடைசியில் பெரிய இரைச்சலாக ஏறி, உச்சியில் வெட்டிக்கொண்டு நின்றது. காச்சோ கை தட்டினான்.

“பொய் சொல்ல மாட்டேன் டீச்சர், மொதல்ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஆனா போகப் போக ஏறிச்சு பாருங்க! ஃபுல் லோடு பஸ்ஸு மலையேத்தத்துல போற மாதிரி. கடைசில மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு.”

“நல்லாயிருந்துச்சா?”

“சைரன்னு சொன்னவன் வாயில மண்ணு.”

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். மாத்தே குடிக்காமலே ஆறிப்போயிருந்தது.

கன்யாடா என்பது ஊருக்கு நடுவே கல் கட்டிய கரைகளுக்குள் அடக்கமாக ஓடும் ஓடை. சுலேமா சின்னக் குழந்தையாக இருந்தபோது அது அடக்கமாக இல்லை. ஒரு நாள் வீட்டுக்குள் புகுந்து அலமாரி உயரத்துக்கு நின்றது. அந்த இரைச்சல் அவளுக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் இருந்த அமைதியைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அலமாரியிலிருந்து ஏதோ ஒரு துணி சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர உலகத்தில் சத்தமே இல்லை. வெள்ளத்தைச் சத்தமாகச் செய்ய யாராலும் முடியும். அவள் செய்ய நினைத்தது வடிவதை. இரைச்சலில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் ஒரு தகரத் தட்டில் விழும் சொட்டுகள் மட்டும் மிஞ்சும்படி செய்தாள். இப்போது ஐநூறு தட்டுகளிலும் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

தப்பு எப்படி நடந்தது என்றும் அவளுக்குத் தெரிந்தது. டேப்பின் இரண்டு முனைகளிலும் வண்ண நாடா ஒட்டுவார்கள். தெரிந்த ஸ்டுடியோக்களில் எல்லாம் தலைக்குப் பச்சை, வாலுக்குச் சிவப்பு. நிலவறையில் அந்த வேலையைப் பார்த்தது யூசேபியோ வில்லஃபானே. அல்டா கோர்டோபாவில் பிறந்து வளர்ந்தவர், அந்தப் பேட்டையின் சிவப்பு வெள்ளைச் சட்டைக் கால்பந்து அணிக்கு உயிரையே கொடுப்பவர்.

“சிவப்பு வால்ல போறதா?” என்று முதல் நாளே நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். “நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்த ரூம்ல சிவப்பு முன்னாலதான் போகும். பின்னால வர்றவன் பச்சையோ மஞ்சளோ, எவனா வேணா இருக்கட்டும்.”

சுலேமா சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். நிலவறைக்கு வேறு யார் வரப்போகிறார்கள்?

யூசேபியோவுக்குப் பட்டப்பெயர் ‘ஈயம்’. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். விரலெல்லாம் சூட்டுத் தழும்பு. பட்டாளத்தில் கழித்துப்போட்ட வயர்லெஸ் பெட்டிகளை உடைத்து, சத்தம் எழுப்பும் பெட்டிகள் பதினொன்றைச் செய்தது அவர். எந்தக் குமிழைத் திருகினால் வெள்ளம் வரும், எதை எவ்வளவு மெல்ல அணைத்தால் அது வடியும் என்று கண்டுபிடித்ததும் பாதி அவர்தான். பாதிக்கு மேலேயே. பல்கலைக்கழகத்துச் சம்பளப் பட்டியலில் அவர் ‘உதவியாள்’. தலைநகரத்தில் ஒரு போட்டிக்கு டேப்பை அனுப்பியபோது, விண்ணப்பத்தில் ‘இசையமைத்தவர்’ என்று ஒரே ஒரு கோடு இருந்தது. சுலேமா அதில் தன் பெயரை எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அந்தச் சோற்றையும் யாரும் சாப்பிடவில்லை. டேப் பிரிக்காமலே திரும்பி வந்தது. நான்கு வருஷத்தில் யூசேபியோ மாரடைப்பில் போய்விட்டார்.

அவளுக்கு ஒரு சமாதானம் இருந்தது. கடைசி நாள் பதிவின்போது மைக் திறந்திருந்தது. அவர் பேசிய ஒரு வாக்கியம் டேப்பில் விழுந்துவிட்டது. பிளேடால் ஒரு நொடியில் நறுக்கி எறிந்திருக்கலாம். அவள் நறுக்கவில்லை. ‘பேர் இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறது. அதுதான் அவர் கையெழுத்து’ என்று நாற்பத்தைந்து வருஷமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது அந்தக் குரலும் தலைகீழாகி, காச்சோவுக்குப் பாதிரியார் முனகலாகக் கேட்டது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இரண்டு நாள் அவள் சொல்லவில்லை. செவ்வாய் மாலை ஹிமேனா போன் செய்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒருவர் எழுதியதைப் படித்துக்காட்டினாள். ‘தொடக்கத்தில் வரும் அந்தக் குரல், இந்த மலைகளின் ஆதிக்குடிகள் பேசி மூழ்கிப்போன மொழியில் ஒரு பிரார்த்தனை. அதிலிருந்து வெள்ளம் எழுகிறது’ என்று எழுதியிருந்தாராம். புதன்கிழமை காய்கறிக் கடைக்காரன் சைரனை விட்டுவிட்டு, இசை மேதைகளை அழைப்பது போல ‘மாயெஸ்த்ரா’ என்று கூப்பிட்டுக் கத்தரிக்காயைத் தானே பொறுக்கிக் கொடுத்தான். பொய் சொல்வானேன், அவளுக்கு அது இனித்தது. எண்பது வயதில் ஒருமுறை இனிக்கட்டுமே என்று தோன்றியது. உயிரோடு இருப்பவர்களில் அந்த டேப்பின் தலை எது, வால் எது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் போதும், அவளோடு அதுவும் போய்விடும்.

வியாழக்கிழமை ரொட்டி வாங்கும் நாள். ரொட்டிக்கடை எல்வாவுடையது. எல்வா யூசேபியோவின் மகள், ஐம்பது வயது. சுலேமாவுக்கு இத்தனை வருஷமாக ரொட்டி கொடுத்திருக்கிறாள், ஒரு சொல் அதிகம் கொடுத்ததில்லை. அன்று அவளே பேச்சை எடுத்தாள்.

“பேப்பர்ல பாத்தேன் டீச்சர். போட்டோ நல்லா விழுந்திருக்கு.”

“பழைய போட்டோ எல்வா.”

“அது தெரியுது. பக்கத்துல ஒரு தோள் தெரியுதே, நீலக் கோட்டு மாதிரி. பாதியில வெட்டியிருக்காங்க. யாரோட தோள் அது?”

சுலேமா கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கப்பாவோடது.”

“அப்படியா. போகட்டும், தோளாச்சும் பேப்பர்ல வந்துச்சே. எவ்வளவு வேணும், அரைக் கிலோவா?”

“அரைக் கிலோ.”

எல்வா கிரியோலித்தோ ரொட்டிகளை எடுத்துக் காகிதப் பையில் போட்டாள். போட்டுக்கொண்டே, பையைப் பார்த்தே பேசினாள்.

“வீடு முழுக்க ரெக்கார்டர். சாப்பாட்டு மேஜை மேல, கட்டிலுக்கு அடியில, குளியலறையில கூட. ஊரு உலகத்துச் சத்தத்தையெல்லாம் புடிச்சு வெச்சாரு மனுஷன். அவரு போனப்புறம் அம்மா ஒவ்வொண்ணா போட்டுத் தேடுனா. ரயில் சத்தம் இருக்கு, தவளச் சத்தம் இருக்கு, தகரத்துல தண்ணி விழுற சத்தம் ஒரு மணி நேரத்துக்கு இருக்கு. அவரு குரல் ஒரு வார்த்த கெடையாது. எனக்கு அப்ப ஒம்பது வயசு டீச்சர். மூஞ்சி ஞாபகமிருக்கு, கையி ஞாபகமிருக்கு. குரல்தான் மொதல்ல மறந்துச்சு.”

பையை மடித்து நீட்டினாள். சுலேமா வாங்கிக்கொண்டாள். குரல் இருக்கிறது என்று சொன்னால், பெயர் ஏன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வா எல்வா,” என்று மட்டும் சொன்னாள். “வந்தா கடைசி வரைக்கும் இரு.”

“எதுக்கு? மீதித் தோளையும் பாக்கவா?”

வெள்ளிக்கிழமை காலையில் சுலேமா காப்பகத்துக்குப் போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றதில் இரவெல்லாம் கண் மூடவில்லை. தன் புகழ் தலைகீழாக வந்தால் சகித்துக்கொள்ளலாம். ஓர் ஆளின் குரலை அவர் மகளுக்குத் தெரியாமல் பூட்டி வைத்துக்கொண்டு, அதற்குக் கை தட்டலும் வாங்குவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“டேப்பு திரும்பி ஓடியிருக்கு ஹிமேனா,” என்று நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னாள்.

“இல்ல டீச்சர், அத நானே பாத்தேன். வெளிச்சுத்துல சிவப்பு இருந்துச்சு. வால வெளிய வெச்சுச் சுத்தி வெக்கிறதுதானே வழக்கம். அதனால திருப்பிச் சுத்தி, பச்சையிலேருந்து ஓட்டினேன்.” அந்தக் கவனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“எங்க ரூம்ல சிவப்புதான் தலை.”

“எந்த ஊர்ல டீச்சர் சிவப்பு தலை?”

“அல்டா கோர்டோபால.”

ஹிமேனாவும் அந்த ஊர்க்காரிதான். ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு அவள் முகம் வெளிறியது.

“ஃபுட்பாலா?”

“ஃபுட்பால்தான்.”

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. யாரும் சிரிக்கவில்லை. ஹிமேனா எழுந்து கதவைச் சாத்தினாள்.

“ஐநூறு தட்டு போயிருச்சு டீச்சர். அந்தாளு மூழ்கின மொழின்னு எழுதிட்டாரு.”

“மூழ்கின மொழி இல்ல, கோர்டோபா பேச்சுதான். நேரா போட்டா ஒனக்கே புரியும்.”

“எட்டு மாசம் நான் ஒக்காந்து…” குரல் உடைந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டாள். “நேரா போட்டா என்ன ஆகும் தெரியுமா? கடைசி ஆறு நிமிஷம் வெறும் சொட்டு. நூத்தம்பது பேரு வராங்க. பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாங்க. இப்படியே விட்டா எல்லாருக்கும் புடிச்சிருக்கு. யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு. அப்புறம் சொல்றதுக்கும் ஆளிருக்காது. அந்தக் குரல் யாரோடது தெரியுமா? ரொட்டிக்கடை எல்வாவோட அப்பா.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு பெட்டிகள், ஒற்றைக் கோடு, தோள், அம்மா தேடிய தவளைச் சத்தம் என்று ஒன்று விடாமல். ஹிமேனா கேட்டு முடித்து, மேஜைமேல் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“மேலதிகாரிங்ககிட்ட இத நான் இப்ப சொன்னேன்னா விழாவே நின்னுபோயிரும்,” என்றாள் கடைசியில். “மேடையில அந்தப் பழைய மிஷினையும் டேப்பையும் காட்சிக்கு வெக்கறோம். மிஷின் ஓடுற நெலமையிலதான் இருக்கு. ஸ்பீக்கர் வயர் அதுக்குப் பக்கத்துலயே போகுது. வேற ஒண்ணும் நான் சொல்லல.”

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்த முகங்களோடு கூட்டம் வந்தது. பட்டறைக் கூடத்தில் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. காச்சோ கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தான். கலாசாரத் துறைக்காரர் ஒருவர் பெயரைத் தப்பாக உச்சரித்து ஒரு கேடயம் கொடுத்தார். மூழ்கின மொழி என்று எழுதிய பத்திரிகைக்காரரும், வெளிர் நிற முடியோடு, இரண்டாம் வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தார். எல்வாவைக் காணவில்லை. சுலேமா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சுகள் முடிகிற நேரத்தில், கையில் மாவு காயாமல், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள். உட்காரவில்லை.

சுலேமா மைக்கைப் பிடித்தாள்.

“தட்டுல நீங்க கேட்டது வாலிலேருந்து ஓடினது. அது காப்பகத்துக்காரங்க தப்பில்ல. உலகத்துல எல்லாரும் செய்ற மாதிரிதான் அவங்க செஞ்சாங்க. எங்க ரூம்ல மட்டும் சிவப்பு முன்னால போகும். ஏன்னு அல்டா கோர்டோபாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

பின்வரிசையில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கூடம் சிரித்தது. வேறொருவன் எதிர் அணியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவள் மிஷினிடம் போனாள். நாடாவை எந்த இடுக்கில் நுழைத்து எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்று விரலுக்கு மறக்கவில்லை. சிவப்பு முன்னால் போனது. ஹிமேனா வந்து வயரை மாற்றிச் செருகிவிட்டு நகர்ந்தாள்.

வெள்ளம் எடுத்த எடுப்பில் வந்தது. எட்டு ஸ்பீக்கரும் தகரக் கூரையும் சேர்ந்து அதிர்ந்தன. காச்சோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பிறகு அது வடியத் தொடங்கியது. அதை வடிய வைத்த கை யாருடையது என்று சுலேமாவுக்கு ஒவ்வொரு நொடியும் தெரிந்தது. இங்கே மூன்றாவது பெட்டியை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அணைத்தார். இங்கே ஏழாவது. இங்கே அவளுடைய யோசனை சரிப்படவில்லை என்று அவர் தலையாட்டி, வேறு விதமாகச் செய்துகாட்டினார். அன்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. இப்போது கேட்டால் அவர் செய்ததுதான் சரி.

பத்து நிமிடத்துக்கு மேல் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் போனார், பிறகு நான்கைந்து பேர், பிறகு வெட்கமில்லாமல் ஒரு வரிசையே எழுந்து போனது. கலாசாரத் துறைக்காரர் போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். பத்திரிகைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தகரத் தட்டில் சொட்டு விழுந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. எல்வா தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று நின்றாள்.

சொட்டு நின்றுபோனது. இதோடு முடிந்தது என்று சிலர் கை தட்டக்கூடக் கையைத் தூக்கினார்கள்.

அப்போது எட்டு ஸ்பீக்கரிலும் ஓர் ஆள், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற மாதிரி, மெல்லச் சொன்னார்.

“நிறுத்தாத சுலே. இன்னும் ஒரு சொட்டு இருக்கு.”

கூடத்தில் யாரும் அசையவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி ஒன்றுமே இல்லை. பிறகு அந்த ஒரு சொட்டு விழுந்தது.

பச்சை நாடா மிஷினைக் கடந்து போய், முனை கழன்று, சக்கரத்தில் படபடத்தது. சுலேமா அதை அணைத்தாள். நிமிர்ந்தபோது எல்வா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தாள். மேடை விளிம்பில் வந்து நின்றாள்.

“அந்தச் சொட்டு யாரோட யோசன?”

“உங்கப்பாவோடது. முடிஞ்சிருச்சுன்னு நான் நிறுத்தப் போயிட்டேன். அவருக்குத்தான் காதுல விழுந்துச்சு, தண்ணி இன்னும் குழாய் நுனியில நிக்குதுன்னு.”

“அப்ப முடிச்சது அவரு.”

“ஆமா.”

“பேரு எங்க?”

“ஒரு கோடுதான் இருந்துச்சு எல்வா,” என்று தொடங்கினாள் சுலேமா. நாற்பத்தைந்து வருஷமாகத் தேய்ந்து வழுவழுப்பான சொற்கள் அவை. நாக்கிலிருந்து தானாக வந்தன. பாதியில் நிறுத்தினாள். “இல்ல. கோட்டு மேல பழி போடக்கூடாது. பக்கத்துல எழுதியிருக்கலாம், கீழ எழுதியிருக்கலாம். நான் எழுதல. எனக்கு மட்டும் வேணும்னு இருந்துச்சு.”

மைக் திறந்தே இருந்தது. மிச்சமிருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

எல்வா அவளை அடிக்கப் போகிறவள் போலப் பார்த்தாள்.

“மறுபடி போடுங்க,” என்றாள்.

சுலேமா நாடாவை மீண்டும் மாட்டி, சக்கரத்தைக் கையால் பின்னோக்கி உருட்டினாள். ஸ்பீக்கரில் அந்தப் புரியாத முனகல் வந்தது. இரண்டாம் வரிசையில் பத்திரிகைக்காரர் அதை அடையாளம் கண்டுகொண்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவள் நாடாவை முன்னால் விட்டாள்.

“நிறுத்தாத சுலே. இன்னும் ஒரு சொட்டு இருக்கு.”

“மறுபடி.”

மூன்றாவது முறை எல்வாவின் உதடு அவரோடு சேர்ந்து அசைந்தது. நான்காவது முறை அவள் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று சுலேமா பார்க்கவில்லை. தன் கண்ணைத் துடைக்கவே அவளுக்கு நேரமில்லை, சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“சளி புடிச்சிருக்கு அவருக்கு,” என்றாள் எல்வா, யாரிடம் என்றில்லாமல். “மூக்கால பேசறாரு பாருங்க. நிலவறையில குளிருது, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்கன்னு அம்மா தெனம் கத்துவா.”

கூட்டம் ஓசையில்லாமல் கலைந்தது. காச்சோ மட்டும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தான். ஹிமேனா டேப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்து அச்சாகும் தட்டில் எல்லாம் சரி செய்வோம், இரண்டு பெயரும் வரும் என்றாள். எல்வா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு வெள்ளை என்று ஒன்றும் அதில் இல்லை. பழுப்பேறிய அட்டை, ஒரு பென்சில் எழுத்து.

“அடுத்த தட்டு எப்ப வருமோ,” என்றாள். “இதுல இப்ப எழுதலாம்ல?”

ஹிமேனா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினாள். காப்பகப் பொருளின் மேல் எழுதக்கூடாது என்ற விதியை அவளுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. எல்வா வாங்கவில்லை.

“நான் எழுத மாட்டேன். விட்டது யாரோ, அவங்களே எழுதட்டும்.”

சுலேமா பென்சிலை வாங்கிக்கொண்டாள். பெட்டியிலும் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அதில் பாட்டின் பெயருக்கும் வருஷத்துக்கும் நடுவே இடம் விடாமல் அவள் பெயர் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, யூசேபியோ வில்லஃபானே என்று, தன் பெயரின் மேலேயே அழுத்தி எழுதினாள்.